வர்ணம் என்றால் கலர்தானே?

நகரி, புத்தூர்ப் பக்கம் பாட்டு கிளாசுக்குப் போகும் பிள்ளைகளின் வீட்டுக்கு ஒரு நாள் இந்தச் சேதி வந்து சேரும்: "டீச்சர் வர்ணம் ஆரம்பிச்சுட்டாங்க." சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் எல்லாம் தாண்டிப் பிள்ளை அடுத்த படியில் கால் வைத்துவிட்டது என்று அர்த்தம். பாட்டி பூரித்துப் போவாள். பாட்டு தெரியாத அப்பாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருக்கும். வர்ணம் என்றால் கலர்தானே? சுவருக்கு அடிப்பது, கோலத்துக்குப் போடுவது. அதை எப்படிப் பாடுவார்கள்?

கேள்வி நியாயமானதுதான். பதில் கொஞ்சம் தலைகீழாக இருக்கும். இசையில் வர்ணம் என்ற சொல், பார்த்தால் கலர் போலத் தெரிந்தாலும், பிறந்தபோது கலரைக் குறிக்கவில்லை. ஆனால் யாரும் கலரோடு சேர்த்து நினைக்காத ராகம் என்ற சொல் அசல் கலர்ச் சொல். சாயம் என்பதுதான் அதன் நேர்ப் பொருள்.

1960ல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே நின்றன. எல்லைக் கோடு நடுவில் ஓடினாலும் பேச்சு இன்னும் இரண்டு பக்கமும் கலந்தேதான் கிடக்கிறது. வீட்டில் நிறம், கொஞ்சம் அழகாகச் சொல்ல வேண்டுமென்றால் வண்ணம். கடைத்தெருவில் தெலுங்கில் ரங்கு. பாட்டு கிளாசில் வர்ணம், ராகம். இதில் நிறம் நம்முடைய சொல். பழந்தமிழில் அதற்கு மார்பு என்ற பொருளும் உண்டு. மற்ற நான்கும் வடமொழியிலிருந்து வந்தவை, இரண்டு வேர்களில் கிளைத்தவை. வர்ணமும் வண்ணமும் ஒரு வேர். ராகமும் ரங்கும் இன்னொரு வேர்.

முதலில் வர்ணம். வேதச் சொற்களுக்கு வேர் தேடிய நிருக்தம் என்ற மிகப் பழைய நூலில் யாஸ்கர் இதை இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறார்: "வர்ணோ வ்ருணோதே:". வ்ரு என்ற வினையிலிருந்து வந்தது வர்ணம் என்கிறார். வ்ரு என்றால் மூடு, போர்த்து. ஒரு பொருளை மேலே போர்த்தியிருப்பது எதுவோ, பார்த்தவுடன் கண்ணுக்கு முதலில் தட்டுப்படுவது எதுவோ, அதுதான் வர்ணம். நிறம் அதில் ஒரு வகை, அவ்வளவே. வெளித் தோற்றம் என்ற அடிப்படையிலிருந்து சொல் பல பக்கம் கிளை விட்டது. தோற்றத்தை எடுத்துச் சொல்வது வர்ணனை ஆயிற்று. ரேடியோவில் கிரிக்கெட் நேர்முக வர்ணனை கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. மனிதர்களைத் தரம் பிரித்த நால்வருணமும் இதே சொல்தான். அது வேறு கதை, கசப்பான கதை, இங்கே வேண்டாம். நமக்கு வேண்டியது இன்னொரு கிளை: எழுத்து. தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் அ, ஆ எழுதிய படத்தைச் சுவரில் மாட்டி வர்ணமாலா என்பார்கள். எழுத்துகளின் மாலை. பேச்சு ஒலி கண்ணுக்குத் தெரியும் உருவம் எடுத்தால் அது எழுத்து, அதனால் அதுவும் வர்ணம்.

இசைக்குள் சொல் நுழைந்தது இந்த எல்லாக் கிளைகளும் விட்ட பிறகு. பரதரின் நாட்டிய சாஸ்திரத்திலேயே வர்ணம் ஓர் இசைக் கலைச்சொல். அங்கே அதற்குப் பாட்டின் நடை என்று பொருள். ஸ்வரங்கள் எந்தப் பக்கம் போகின்றன என்பதை வைத்து நான்கு வகை சொன்னார்கள்: ஸ்தாயி, ஆரோஹி, அவரோஹி, ஸஞ்சாரி. மோகன ராகத்தை வைத்துப் பார்த்தால் சுலபமாகப் புரியும். அதில் ஐந்தே ஸ்வரங்கள்: ச ரி க ப த. காந்தாரத்திலேயே க க க என்று நின்றால் ஸ்தாயி. ச ரி க ப என்று ஏறினால் ஆரோஹி. ப க ரி ச என்று இறங்கினால் அவரோஹி. க ப க ரி ச ரி என்று ஏறி இறங்கிச் சுற்றினால் ஸஞ்சாரி. 13ஆம் நூற்றாண்டில் சங்கீத ரத்னாகரம் எழுதிய சார்ங்கதேவர் இன்னும் சுருக்கமாகப் பாடும் செயலுக்குப் பெயர்தான் வர்ணம் என்கிறார். கலருக்கு அங்கே இடமே இல்லை.

நடைக்கு ஏன் இத்தனை மரியாதை என்று கேட்டால், அதற்கு மோகனத்தையும் பிலஹரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலே ஏறும்போது இரண்டுக்கும் ஒரே வழி: ச ரி க ப த ச. இறங்கும்போது மோகனம் வந்த வழியே திரும்பிப் போகிறது. பிலஹரி அப்படியில்லை, ச நி த ப ம க ரி ச என்று ஏழு ஸ்வரத்தையும் தொட்டுக்கொண்டு இறங்குகிறது. ஏறுவதை மட்டும் கேட்டால் எது எது என்று சொல்லவே முடியாது. இறங்கும்போதுதான் குட்டு உடைகிறது. ஒரு ராகத்தை வெளியே காட்டிக் கொடுப்பது அதன் போக்குவரத்துதான். மேலே தெரிவது எதுவோ அது வர்ணம் என்ற பழைய பொருளோடு இது நன்றாகவே ஒட்டுகிறது.

இப்போது ராகம். இதன் வேர் ரஞ்ஜ். சாயம் ஏறு, சிவந்து போ என்பது பொருள். ராகம் என்றால் சாயம், அதிலும் குறிப்பாகச் சிவப்பு. நாம் தினமும் புழங்கும் எத்தனையோ சொற்களில் இந்தச் சிவப்பு ஒளிந்திருக்கிறது. ரத்தம் என்றால் சிவந்தது. பத்மராகம் தாமரைச் சிவப்புக் கல். மனம் ஒருவர் மேல் சாயம் ஏறிக் கிடப்பது அனுராகம். அந்தச் சாயம் முழுக்க வெளுத்துப் போவது வைராக்கியம். நம் ஊரில் "வைராக்கியமா இருக்கான்" என்றால் பிடிவாதமாக இருக்கிறான் என்று ஆகிவிட்டது, ஆனால் சொல்லின் உள்ளே இருப்பது சாயம் போன மனசு. ஜனரஞ்சகம் என்கிறோமே, பத்திரிகைக்காரர்களின் செல்லச் சொல், அதுவும் இதே குடும்பம். தெலுங்கின் ரங்கும் அதே. "சீரைக்கு என்ன ரங்கு?" என்று புத்தூர்க் கடையில் கேட்பவரும், "அது என்ன ராகம்?" என்று கச்சேரியில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் கிசுகிசுப்பவரும் வேரளவில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

சாயம் என்றால் என்ன என்பதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நகரியிலும் ஏகாம்பரகுப்பத்திலும் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. சுவருக்கு அடிக்கும் பெயிண்ட் மேலே உட்காரும், சுரண்டினால் உரிந்து வரும். சாயத் தொட்டியில் முக்கிய நூல் சிட்டம் அப்படியல்ல, கலர் இழைக்குள்ளேயே போய்விடும். அறுத்துப் பார்த்தாலும் உள்ளே அதே சிவப்புதான். வர்ணத்துக்கும் ராகத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஒன்று மேலே போர்த்துவது. மற்றது உள்ளே ஊறுவது.

இந்த இரண்டு சொல்லையும் ஒரே வரியில் கோத்து வைத்தவர் மதங்கர். ராகத்துக்கு முறையாக விளக்கம் சொல்லும் நூல்களில் இன்று நம் கைக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையது அவருடைய பிருஹத்தேசி. அதில் வரும் சுலோகத்தின் கருத்து இது: ஸ்வரத்தாலும் வர்ணத்தாலும் அலங்கரிக்கப்பட்டு, மக்கள் மனசுக்குச் சாயம் ஏற்றும் ஒலி எதுவோ, அது ராகம். மூலத்தில் "ரஞ்ஜகோ ஜனசித்தானாம்" என்று இருக்கிறது. சாயம் ஏறுவது ஒலிக்கு அல்ல, கேட்கிறவனின் மனசுக்கு என்பதைக் கவனியுங்கள். இந்த விளக்கத்துக்கு மேல் ஒரு விளக்கத்தை நான் இதுவரை பார்க்கவில்லை. இதே வரியில் வரும் வர்ணம் கலர் அல்ல, மேலே பார்த்த நான்கு வகை நடை. கலர் வேலை முழுக்க ராகத்தின் பொறுப்பு.

சரி, அப்படியானால் பிள்ளை கிளாசில் கற்றுக்கொள்ளும் வர்ணம் எது? அது ஒரு வகை உருப்படி, அதாவது இப்படித்தான் பாட வேண்டும் என்று கட்டி வைத்த பாட்டு. பல்லவி, அனுபல்லவி, ச ரி க என்று ஸ்வரமாகவே பாடும் முக்தாயி ஸ்வரம், அப்புறம் சரணம், சரணத்துக்குப் பின் ஒன்றன்பின் ஒன்றாக வரும் எத்துகடை ஸ்வரங்கள் என்ற ஸ்வரக் கோவைகள். ஒவ்வொரு எத்துகடை முடிந்ததும் சரணத்துக்குத் திரும்ப வேண்டும். ஆதி தாளம் என்றால் ஒரு சுற்றுக்கு எட்டு அட்சரம் (தாள எண்ணிக்கை), அட தாளம் என்றால் பதினான்கு. பெரும்பாலான வர்ணங்கள் இந்த இரண்டில் ஒன்றில்தான் இருக்கும். பைரவி ராகத்தில் அட தாளத்தில் பச்சிமிரியம் ஆதியப்பய்யா செய்த விரிபோணி இன்றைக்கும் மேடையிலும் பாடத்திலும் முதல் வரிசையில் நிற்கிறது. அவர் 18ஆம் நூற்றாண்டுக்காரர், சியாமா சாஸ்திரிக்குக் குரு. பைரவியில் ஏறும்போது ஒரு தைவதம் (த ஸ்வரம்), இறங்கும்போது வேறொரு தைவதம். அந்த ஒரு வர்ணத்தை ஒழுங்காகப் பாடம் பண்ணினவருக்கு எந்தத் தைவதம் எங்கே வரும் என்பதைத் தனியாக யாரும் சொல்லித்தர வேண்டாம். தொண்டையே சொல்லிவிடும்.

வர்ணத்தில் வார்த்தை மிகவும் கம்மி. பல்லவிக்கு ஒரு வரி, அனுபல்லவிக்கு ஒரு வரி, சரணத்துக்கு ஒன்று. கடவுளையோ ராஜாவையோ போற்றி, அல்லது நாயகனிடம் ஏங்கி எழுதியிருப்பார்கள். அந்தக் கொஞ்ச எழுத்தையும் இழுத்து இழுத்து நிரப்பியிருப்பார்கள். ஒரே ஒரு நெடில் அரை ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் அரைச் சுற்று வரை ஓடும். அந்த இழுவைக்குள்தான் ராகத்தின் பிடிகள், ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகங்கள் எல்லாம் அடுக்கியிருக்கும். வார்த்தை கேட்டு ரசிக்கிறவர்கள் வர்ணத்தில் சலிப்படைவது இதனால்தான். அவர்கள் மேல் தப்பில்லை. வார்த்தைக்காகச் செய்த உருப்படி அல்ல அது.

இந்த உருப்படிக்கு ஏன் வர்ணம் என்று பெயர் வைத்தார்கள் என்பதற்குப் பாட்டு வாத்தியார்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ராகத்தின் கலரைக் காட்டுகிறது என்பார் ஒருவர். ஸ்வர எழுத்தும் சாகித்திய எழுத்தும் ஒன்றோடொன்று பொருந்தி வருவதால் என்பார் இன்னொருவர். ராஜாவை வர்ணித்ததால் என்பாரும் உண்டு. என் ஓட்டு பழைய நான்கு நடைக்குத்தான். நிற்பது, ஏறுவது, இறங்குவது, சுற்றுவது என்று ஒரு ராகம் எப்படியெல்லாம் நடமாடுமோ அத்தனையும் வர்ணத்தில் வரிசையாக வந்துவிடுகிறது. கலைச்சொல்லும் உருப்படி பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே கையில் தயாராக இருந்தது. கலர் என்ற காரணம் கேட்க இனிமையாக இருக்கும், பிள்ளைகளுக்குச் சொல்லவும் வசதி. ஆனால் அது பின்னால் ஒட்ட வைத்தது போலத்தான் எனக்குப் படுகிறது.

தமிழில் இதே சொல் வண்ணம் என்ற உருவில் தனியாக ஒரு வாழ்க்கை வாழ்ந்தது. தொல்காப்பியச் செய்யுளியலில் "வண்ணந் தாமே நாலைந் தென்ப" என்று வருகிறது, மொத்தம் இருபது வண்ணம். அதில் கலர் ஒன்றுகூட இல்லை. வல்லெழுத்து மிகுந்து வந்தால் வல்லிசை வண்ணம், மெல்லெழுத்து மிகுந்தால் மெல்லிசை வண்ணம். குற்றெழுத்தாக வந்தால் குறுஞ்சீர் வண்ணம், நெட்டெழுத்தாக வந்தால் நெடுஞ்சீர் வண்ணம். குறிலும் நெடிலும் சமமாகக் கலந்து வந்தால் அதற்குச் சித்திர வண்ணம் என்று பெயர். இங்கே மட்டும் கொஞ்சம் ஓவியக்காரன் எட்டிப் பார்க்கிறான். மற்றபடி வண்ணம் என்றால் எழுத்துகள் காதில் விழும் ஓசைக் கோலம். வடமொழியில் எழுத்து என்ற கிளையும் நடை என்ற கிளையும் தனித்தனியாக இருந்தன. தமிழ் யாப்பில் இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்துக்கொண்டன.

இதற்கு உதாரணம் தேடி ஏட்டைப் புரட்ட வேண்டாம். திருத்தணியில் டிசம்பர் 31 அன்று படித் திருவிழாவுக்குப் போனால் போதும். மலையேறும் பஜனைக் குழுக்கள் படிக்குப் படி திருப்புகழ் பாடுவார்கள். 15ஆம் நூற்றாண்டின் அருணகிரிநாதர் பாடிய அந்தப் பாடல்களுக்கு இலக்கணக்காரர்கள் வைத்த பெயரே வண்ணப் பாடல். தத்தத்தன தத்தத் தனதன என்ற சந்தம் முதலில், அந்த அச்சில் சொற்கள் அப்புறம். தாளம் தெரியாதவனும் கை தட்டிவிடுவான். சிறுவயதில் பொருள் ஒன்றும் புரியாமல் மனப்பாடம் பண்ணியவர்கள்கூட ஐம்பது வயதில் ஓர் எழுத்து பிசகாமல் சொல்வார்கள். வண்ணம் செய்கிற வேலை அது.

கம்பன் இந்தச் சொல்லை வைத்து விளையாடியதையும் சொல்லாமல் போக முடியாது. அகலிகை எழுந்த பிறகு விசுவாமித்திரர் ராமனைப் பார்த்துச் சொல்லும் பாட்டில், இவ்வண்ணம், உய்வண்ணம், மைவண்ணம், மழைவண்ணம் என்று அடுக்கி, "கைவண்ணம் அங்குக் கண்டேன் கால்வண்ணம் இங்குக் கண்டேன்" என்று முடிக்கிறார். இவ்வண்ணம் என்றால் இப்படி. மைவண்ணம் என்றால் நிறம். கைவண்ணம் என்றால் திறமை. ஒரே சொல்லை இத்தனை பொருளில் ஓட விட்டுவிட்டு, பாட்டு முழுவதையும் அந்த ஓசையாலேயே கட்டி நிறுத்தினான் பாருங்கள். அலுவலகக் கடிதத்தில் "தாங்கள் கோரிய வண்ணம்" என்று எழுதும் குமாஸ்தா கையில் இருப்பதும் இதே சொல்தான், கொஞ்சம் வெளுத்திருக்கிறது, அவ்வளவுதான். எல்லையைத் தாண்டிக் கேரளாவுக்குப் போனால் மட்டும் ஜாக்கிரதை. மலையாளத்தில் வண்ணம் என்றால் பருமன். உங்களுக்கு வண்ணம் கூடிவிட்டது என்று ஒருவர் சொன்னால் பூரிக்க வேண்டாம், உடம்பு போட்டுவிட்டது என்கிறார்.

பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களில் வர்ணமெட்டு என்று அச்சடித்து, தெரிந்த பாட்டு ஒன்றின் முதலடியைப் போட்டிருப்பார்கள். இந்தப் பாட்டை அந்த மெட்டில் பாடிக்கொள் என்று அர்த்தம். தெலுங்கிலும் இந்தச் சொல் உண்டு. இங்கேயும் வர்ணம் கலர் அல்ல, பாட்டு போகும் வழிதான்.

நிஜமாகவே கலரை இசைக்குள் கொண்டு வந்தவர்கள் கிரேக்கர்கள். கீபோர்டு கற்கும் பிள்ளைகள் குரோமாட்டிக் ஸ்கேல் என்று ஒன்று வாசிப்பார்கள். வெள்ளைக் கட்டை, கறுப்புக் கட்டை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் வரிசையாக, பன்னிரண்டு ஸ்வரஸ்தானமும். குரோமா என்றால் கிரேக்கத்தில் கலர். அந்தச் சொல்லுக்கும் முன்னால் போனால் மனிதத் தோல், மேனி என்ற பொருள் கிடைக்கிறது. லத்தீனில் கலர் என்ற சொல்லின் வேரும் மூடுதல்தான் என்கிறார்கள் சொல்லாராய்ச்சிக்காரர்கள். மூன்று மொழியிலும் கலர் மேலே போர்த்தியதாகவே பார்க்கப்பட்டிருக்கிறது. கிரேக்கர்கள் தங்கள் ஸ்வர அமைப்பை மூன்று இனமாகப் பிரித்து, அதில் நெருக்கமான சிறு இடைவெளிகள் கொண்ட ஒன்றுக்குக் கலர் பூசியது என்று பெயர் வைத்தார்கள். பிற்பாடு அதே குரோமாவை எடுத்து விஞ்ஞானிகள் குரோமியத்துக்கும் குரோமோசோமுக்கும் பெயர் வைத்தார்கள். குரோமியத்தின் உப்புகள் பளிச்சென்று கலராக இருக்கும். குரோமோசோம் சாயம் போட்டால்தான் நுண்ணோக்கியில் கண்ணுக்குத் தெரிந்தது.

டோன் என்ற சொல் இதற்கு நேர் எதிர்த் திசையில் வந்தது. கிரேக்கத்தில் அதற்கு இழுத்துக் கட்டுதல் என்று பொருள். தந்தியை முறுக்கினால் சுருதி ஏறும் அல்லவா, அந்த முறுக்கு. முதலில் ஒலிக்கு வந்து, பிறகுதான் கலருக்குப் போனது. முகக்கிரீம் விளம்பரத்தில் ஸ்கின் டோன் என்று சொல்லும்போது ஒரு வீணைத் தந்தி எங்கோ முறுக்கேறுகிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, ச என்றால் எந்தக் கலர், ரி என்றால் எந்தக் கலர் என்று கேட்கத் தோன்றும். கேட்டிருக்கிறார்கள். சங்கீத ரத்னாகரம் ஒரு பட்டியலே தருகிறது: ஷட்ஜம் தாமரை, காந்தாரம் பொன், மத்யமம் முல்லை போன்ற வெள்ளை, பஞ்சமம் கறுப்பு, தைவதம் மஞ்சள், நிஷாதம் பல நிறக் கலவை. நியூட்டனும் இதில் மாட்டிக்கொண்டவர். 1704ல் வெளியான ஒளியியல் நூலில் வானவில்லை ஏழு நிறமாகப் பிரித்ததற்கு ஏழு ஸ்வரமும் ஒரு காரணம். அழகான ஆசைதான், ஆனால் இயற்பியல் ஒத்துழைக்கவில்லை. காதுக்குக் கேட்கும் ஒலி 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, கிட்டத்தட்ட பத்து ஸ்தாயி (இங்கே ஸ்தாயி என்பது ஒரு ச முதல் அடுத்த மேல் ச வரையுள்ள தூரம், முன்பு பார்த்த நடை அல்ல). கண்ணுக்குத் தெரியும் ஒளி மொத்தமும் ஒரு ஸ்தாயிகூட முழுசாக இல்லை. இன்னொன்றும் உண்டு. மஞ்சள் பெயிண்டையும் நீலத்தையும் கலந்தால் பச்சை ஆகிவிடும், அப்புறம் மஞ்சளைத் தேடி எடுக்க முடியாது. தம்புராவில் ச, ப இரண்டும் சேர்ந்து ஒலித்தாலும் காது இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்கும். கண் கலக்கும், காது பிரிக்கும். அதனால் இந்தப் பட்டியல்களைக் கவிதையாக வைத்துக்கொள்ளலாம், அளவுகோலாக அல்ல.

வர்ணத்தைக் கேட்டுப் பழக வேண்டுமென்றால் ஒரே ஒரு யோசனை. கச்சேரிக்குத் தாமதமாகப் போகாதீர்கள். வர்ணம் பெரும்பாலும் முதல் உருப்படி. பாதிப் பேர் செருப்பைக் கழற்றிவிட்டு இடம் தேடும்போதே அது முடிந்து போயிருக்கும். முதல் காலத்தில் வார்த்தையை விட்டுவிட்டு, குரல் எங்கே நிற்கிறது, எங்கே ஏறுகிறது என்று மட்டும் கவனியுங்கள். இரண்டாம் காலத்தில் அதே வழியில் இரட்டை வேகத்தில் போவார்கள், இப்போது வழி உங்களுக்கும் கொஞ்சம் தெரிந்திருக்கும்.

பாட்டுக்காரர்கள் பாடுவது பெரும்பாலும் தான வர்ணம். பத வர்ணம் என்று இன்னொன்று உண்டு, அதில் ஸ்வரங்களுக்கும் சாகித்தியம் இருக்கும், நடை நிதானமாக இருக்கும், அபிநயத்துக்குத் தோதாக. நகரிக்குப் பக்கத்துக் கார்வேட்டிநகரம் சமஸ்தானத்தில் இருந்த கோவிந்தசாமய்யா இந்த வகையில் பெயர் எடுத்தவர். பரதநாட்டிய நிகழ்ச்சியில் வர்ணம் என்றால் பத வர்ணம்தான், அது முதல் உருப்படி அல்ல, நடு உருப்படி, இருப்பதிலேயே நீளமானது. அரை மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும், ஆடுகிறவள் ஜதியும் அபிநயமும் மாற்றி மாற்றி ஒரே மூச்சில் போக வேண்டும். அரங்கேற்றத்துக்கு நாள் குறித்த வீட்டில் "வர்ணம் ரெடியா?" என்று வாத்தியார் கேட்டால் அதில் உடுப்பின் கலர் பற்றிய கவலை துளிகூடக் கிடையாது. பெண்ணுக்கு மூச்சு தாங்குமா என்பதுதான் கேள்வி.